தட்டம்மை முகாம்: இரண்டு ஊசி போட்ட பிள்ளையையும் கூட்டி வரச் சொல்கிறார்கள், ஏன்?

கடலோரத்தாய்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம் பக்கம் ஒரு கடற்கரை ஊர். ஊர்ப் பெயரை இங்கே போட விருப்பமில்லை. கொஞ்ச நாளாக எங்கள் தெருவில் சில பிள்ளைகளுக்கு நல்ல காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து நீர் வடிதல். மூன்று நான்கு நாள் கழித்துக் காதுக்குப் பின்னாலும் முகத்திலும் செந்தடிப்பு தொடங்கி உடம்பு முழுக்க இறங்கியது. பாட்டிமார் பார்த்த உடனே மணல்வாரி, அதாவது தட்டம்மை, என்று சொல்லிவிட்டார்கள். சுகாதார நிலையத்தில் இருந்து வந்து ரத்தமும் தொண்டைச் சளியும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முகாம் போடுகிறார்கள். 9 மாதத்தில் இருந்து 5 வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வரவேண்டுமாம், முன்னே போட்டிருந்தாலும் சரி. என் மகளுக்கு 3 வயது நடக்கிறது. 9 மாத ஊசி, ஒன்றரை வயது ஊசி இரண்டும் கார்டில் இருக்கிறது. பிறகு எதற்கு மூன்றாவது? கூடுதலாகப் போட்டால் ஏதாவது ஆகுமா? மகனுக்கு 7 மாதம். அவனுக்கு உண்டா என்று கேட்டால், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள்.

வீட்டுக்காரர் கொச்சியில் இருந்து தங்கு கடல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) போயிருக்கிறார், போன் கிடைக்காது. மாமியார், நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஊசி என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிள்ளை மருத்துவம்

வணக்கம் அம்மா. நாகர்கோவிலில் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். கூட்டிக்கொண்டு போங்கள். காரணத்தையும் சொல்கிறேன்.

தட்டம்மை அளவுக்குப் பரவுகிற நோய் வேறு அதிகம் கிடையாது. எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைகள் நிறைந்த இடத்தில் ஒரு பிள்ளையிடம் இருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றும். நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அதாவது வெறும் சளி என்று நினைத்து அங்கன்வாடிக்கு அனுப்பிய நாட்களிலேயே மற்றப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

9 மாதத்தில் போடும் முதல் ஊசி 100 பிள்ளைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும், அதாவது எதிர்ப்புச் சக்தி வரும். தாயிடம் இருந்து வந்த எதிர்ப்புப் பொருள் மிச்சம் இருந்தால் அது ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும். அதற்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டும் போட்டால் 97 பேர் வரை பாதுகாப்பு. உங்கள் மகள் ஊசி பிடிக்காத மீதி மூன்று பேரில் ஒருத்தியா என்பதை முகாமில் நின்றுகொண்டு யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஏற்கெனவே எதிர்ப்பு உள்ள உடம்பில், ஊசியில் இருக்கும் பலவீனமாக்கிய கிருமியை உடம்பே அடக்கிவிடும், கெடுதல் இல்லை. எதிர்ப்பு இல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு ஊசிதான் காப்பு. ஒவ்வொரு கார்டையும் வாங்கிச் சரிபார்த்து வடிகட்டிக்கொண்டிருந்தால் நோய் அடுத்த ஊருக்குப் போய்விடும். 2022ல் மும்பை, மலப்புறம், ராஞ்சி, அகமதாபாத் எல்லாம் தட்டம்மை பரவியபோது மத்திய சுகாதாரத் துறை சொன்னதும் இதையேதான்: பரவும் பகுதியில் 9 மாதம் முதல் 5 வயது வரை எல்லோருக்கும் ஒரு கூடுதல் ஊசி.

7 மாதப் பையன் விஷயம். அதே அறிவுறுத்தலில் இன்னொன்றும் உண்டு. ஒரு பகுதியில் நோய் வந்தவர்களில் 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 6 மாதம் முடிந்த குழந்தைக்கும் போடலாம். மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றது அந்தக் கணக்கு வரவேண்டும் என்பதால் இருக்கலாம். போட்டால் அது கணக்கில் சேராத ஊசி. 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் வழக்கமான இரண்டும் மறுபடி போட்டே ஆகவேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

தோவாளைக்காரன்

டாக்டர், மரியாதையோடு கேட்கிறேன். 2008ல் திருவள்ளூர் மாவட்டத்தில் இதே தட்டம்மை ஊசி போட்டு 4 குழந்தைகள் ஒரே நாளில் இறந்தார்கள். செய்தி வந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை, ஆனால் இன்றும் மறக்கவில்லை. இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். கெடுதல் இல்லை என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். அந்தப் பெற்றோரிடமும் இப்படித்தானே சொல்லியிருப்பார்கள்? நான் ஊசிக்கு எதிரி இல்லை. போலியோ சொட்டு மருந்து எல்லாம் தவறாமல் கொடுத்தவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் நூறு பேரை வரிசையில் நிறுத்தி அவசரமாகப் போடுவதில் எனக்குப் பயம் இருக்கிறது.

நர்சம்மா

தோவாளைத் தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2008க்கு முன்னும் பின்னும் ஊசி போட்டிருக்கிறேன், அதனால் நடைமுறையைச் சொல்கிறேன்.

தட்டம்மை மருந்து குப்பியில் பொடியாக வரும். கூடவே கரைக்கும் நீர் தனியாக ஒரு குப்பியில் வரும். இரண்டையும் கலந்துதான் போடவேண்டும். உலகத்தில் இந்த ஊசியை ஒட்டி நடந்த பெரிய துயரங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கலக்கும் இடத்திலும் வைத்துக்கொள்ளும் இடத்திலும்தான் பிழை. 2014ல் சிரியாவில் இத்லிப் பகுதியில் 15 குழந்தைகள் இறந்தார்கள். கரைக்கும் நீருக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கிற மருந்தை எடுத்துக் கலந்துவிட்டார்கள், இரண்டு குப்பியும் ஒரே பெட்டியில் இருந்ததால். 2017ல் தெற்கு சூடானில் ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, குளிர் இல்லாமல் நாள்கணக்கில் மருந்தை வைத்திருந்து 15 குழந்தைகள் போனார்கள். இதை எல்லாம் மறைத்து ஊசி போடச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெரிந்துகொண்டு வாருங்கள். வந்து கேள்வி கேளுங்கள்.

முகாமில் நீங்கள் கண்ணால் பார்க்கக்கூடியவை இவை. குப்பியைக் கலந்த நேரத்தை அதன் மேல் எழுதியிருக்க வேண்டும். கலந்த 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கவே கூடாது. குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் வெப்பம் பட்டுவிட்டது, போடக்கூடாது. சிரிஞ்ச் ஒருமுறை அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை, உங்கள் கண் முன்னால் உறையைப் பிரிக்க வேண்டும். வலது கையின் மேற்புறம், தோலுக்கு அடியில், அரை மில்லி. போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் அளவுக்கு அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்தான் வரும். அதற்கான மருந்துப் பெட்டி மேசையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல செவிலியர் யாரும் கோபப்பட மாட்டார். நான் பட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2008க்குப் பிறகு நம் மாநிலத்தில் ஊருக்குள் போய் ஊசி போடுவதைக் குறைத்து, மருத்துவர் இருக்கும் இடத்துக்குத் தாய்மாரை வரச் சொன்னார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, புரிகிறது. ஆனால் கூலி வேலைக்குப் போகிற தாய் ஒரு நாள் சம்பளத்தை விட்டு பஸ் ஏறி வரவேண்டியதாயிற்று. வராத பிள்ளைகள் கூடினார்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06ல் 81 சதவீதம் இருந்தது, 2015-16ல் 70க்கு இறங்கியது. 2019-21ல் 89க்கு ஏறியது. நடுவில் விழுந்த அந்தப் பள்ளத்துக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பயத்துக்கும் விலை உண்டு, தம்பி. அந்த விலையை வராத பிள்ளைகள்தான் கொடுத்தார்கள்.

கணக்கு ஆசிரியர்

நர்சம்மா சொன்ன 89 என்ற எண்ணைப் பார்த்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம். தட்டம்மையை நிறுத்த 95 சதவீதம் வேண்டும், அதுவும் இரண்டு ஊசியும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு ஊரில் வருஷம் 200 பிள்ளைகள் பிறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 180 பேருக்கு முதல் ஊசி. அதில் 85 சதவீதம் பிடித்தால் 153 பேர். மீதி 47. இரண்டாவது ஊசிக்கு 160 பேர் வருகிறார்கள், முதல் ஊசி பிடிக்காதவர்களில் 22 பேருக்கு இப்போது பிடிக்கிறது. மிச்சம் 25. சின்ன எண்தான். ஆனால் இந்த 25 கரையாது. அடுத்த வருஷம் 50, ஐந்து வருஷத்தில் 125. காகிதத்தில் ஒவ்வொரு வருஷமும் 90 சதவீதம் என்று நன்றாகவே இருக்கும். ஒரே ஊரில், ஒரே அங்கன்வாடியில், ஒரே பள்ளிக்கூட வேனில் அந்த 125 பேரும் சேர்ந்திருக்கும்போது கிருமி வந்து இறங்குகிறது.

மாவட்டச் சராசரி என்பது கிருமிக்குப் பொருட்டே இல்லை. மாவட்டம் முழுக்க 96 இருந்து ஒரே ஒரு தெருவில் 60 இருந்தால் அந்தத் தெருவில் பரவும். நம் மாவட்டம் படிப்பில் முன்னால் இருப்பது, ஆஸ்பத்திரிகள் அதிகம் என்பதெல்லாம் அந்தத் தெருவுக்கு உதவாது. அதனால் முகாம் எத்தனை பேருக்குப் போட்டது என்று கேட்பதைவிட, எந்தத் தெரு வரவில்லை என்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மலையோரம்

ஆசிரியர் சொன்ன அந்தத் தெருக்கள் எங்கள் பக்கம் நிறைய. நான் குலசேகரம் பக்கம். இங்கே ரப்பர் பால்வெட்டுக்கு விடியும் முன்பே போகவேண்டும். வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து வீடு வர மதியம். முகாம் காலை 10 மணிக்கு என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெட்டுகிற வீட்டில் யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது? முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் இதே கதை, உடைத்த பருப்புக்குத்தான் கூலி. மாலை 4 மணிக்குப் போடுங்கள், எல்லோரும் வருவார்கள்.

அப்புறம் பேச்சிப்பாறை அணைக்கு அந்தப்பக்கம் படகில் போகவேண்டிய காணி பழங்குடியினர் குடியிருப்புகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் படகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கலந்த குப்பிக்கு 4 மணி நேரம்தான் என்றால், கலக்காமல் ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் அங்கே வைத்துக் கலக்க வேண்டும். அதைச் செய்கிற செவிலியர்கள் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அங்கே போகும் வேலையை ஒரு ஆளின் நல்ல மனசில் விட்டுவிடக்கூடாது. படகுக்குப் பணமும் ஆளும் முன்கூட்டி ஒதுக்கியிருக்க வேண்டும்.

நர்சம்மா

மலையோரம் சொல்வது சரி. பொடி மருந்தையும் கரைக்கும் நீரையும் சேர்த்தே குளிரில் கொண்டுபோக வேண்டும். நீர் சூடாக இருந்து மருந்து குளிராக இருந்தால் கலக்கும்போது மருந்து கெடும்.

மார்த்தாண்டம் அம்மா

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் மகனுக்கு 9 மாதம் முடிந்து ஒரு புதன்கிழமை ஊசிக்குக் கொண்டுபோனேன். எந்த இடம் என்று சொல்லவில்லை. வேறு குழந்தை யாரும் வரவில்லை, ஒரு பிள்ளைக்காகக் குப்பியை உடைத்தால் மிச்சம் வீணாகும், அடுத்த புதன் வாருங்கள் என்றார்கள். அடுத்த புதன் அவனுக்கு வயிற்றுப்போக்கு. அதற்கடுத்து மாமனார் இறந்துபோனார். இப்படியே தள்ளிப் போய்விட்டது. நான் படித்தவள், விடாமல் போய்ப் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவையும் அன்று அப்படித்தான் அனுப்பினார்கள், அவள் திரும்பப் போகவே இல்லை. எங்கள் போன்றவர்களை அலட்சியம் என்று பேசும்போது வருத்தமாக இருக்கிறது.

நர்சம்மா

அம்மா, ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியை உடைக்க வேண்டும் என்பதுதான் விதி. வீணாகும் மருந்து கணக்கில் முன்பே சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். இனி யாராவது அப்படிச் சொன்னால் மருத்துவ அலுவலரைப் பார்த்துக் கேளுங்கள். லேசான சளி, வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசி போடலாம், அதற்காகத் தள்ளிப் போடக்கூடாது. மெலிந்த, சத்துக் குறைந்த பிள்ளைக்கு முதலில் போட வேண்டும், நோய் வந்தால் அவர்களுக்குத்தான் அதிக ஆபத்து.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: நோய் வந்த பிள்ளைகளின் படம், ஊசி போட்ட செவிலியரின் பெயர், வீட்டு அடையாளம் எதையும் போட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கடலோரத்தாய்

எல்லோருக்கும் நன்றி. மாமியார் இன்னொன்று சொல்கிறார். அம்மை என்பது அம்மன் வந்திருப்பது, அந்த நேரத்தில் ஊரில் ஊசி போட்டால் கோபம் கூடும், நோய் வந்த வீட்டில் மருந்தே கொடுக்கக்கூடாது என்று. நாங்கள் கோவிலும் போவோம், மாதா கோவிலிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

வைத்தியர் வீட்டுப் பேரன்

சகோதரி, என் தாத்தா நாட்டு வைத்தியர். எங்கள் வீட்டில் அம்மை வந்தால் வாசலில் வேப்பிலை கட்டுவோம். அந்த வேப்பிலையைப் பார்த்த ஆள் உள்ளே வரமாட்டார், அந்த வீட்டார் வெளியே விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். நோயாளியைத் தனியாக ஒரு அறையில் வைத்து ஒரே ஆள் கவனிப்பார். இதில் எதையும் உங்கள் மாமியார் விடவேண்டியதில்லை. நோய் வந்த வீட்டுக்குள் பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பது இன்றைக்கும் டாக்டர்கள் சொல்வதுதான். நோய் வராத பிள்ளைக்கு ஊசி போடுவது அம்மனை விரட்டுவது ஆகாது, அவள் பிள்ளையைக் காப்பது என்று சொல்லிப் பாருங்கள். என் பாட்டியிடம் அப்படித்தான் சொன்னோம்.

பத்தியம் மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை. மீன் கூடாது, முட்டை கூடாது, எண்ணெய் கூடாது, வெறும் கஞ்சி என்று பிள்ளையை ஒரு வாரம் பட்டினி போடுகிறார்கள். டாக்டர் இதைச் சொல்ல வேண்டும்.

பிள்ளை மருத்துவம்

பேரன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். தட்டம்மை வந்த பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அதிகமாகக் கொடுங்கள். மீன், முட்டை, பருப்பு, பழம், பிள்ளை எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்கலாம். இளநீர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் நல்லது, ஆனால் அவை மட்டும் போதாது.

மிக முக்கியமானது வைட்டமின் ஏ. தட்டம்மை உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ-யை வேகமாகக் காலி செய்யும், கண்ணின் கருவிழி புண்ணாகிப் பார்வை போகலாம். அதனால் நோய் வந்த பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கிறோம்: 6 மாதத்துக்குக் கீழே 50,000 யூனிட், 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள், அளவை நீங்களாக முடிவு செய்து கொடுக்காதீர்கள். மூச்சு வேகமாக ஓடினால், பால் குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால், காதில் சீழ் வடிந்தால், கண் மங்கினால் ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தட்டம்மையில் பிள்ளைகள் இறப்பது பெரும்பாலும் நிமோனியாவால்.

தடிப்பு மறைந்ததும் முடிந்தது என்று நினைக்கிறோம். முடியாது. நெதர்லாந்தில் ஊசி போடாத 77 பிள்ளைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதித்த ஆய்வு 2019ல் வெளிவந்தது. முன்பு வந்த மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருளில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மைக்குப் பிறகு அழிந்திருந்தது. பழைய கணக்கு நோட்டைக் கரையான் தின்றுவிட்டது போல, உடம்பு பல நோய்களை மறுபடி முதலில் இருந்து கற்க வேண்டும். தட்டம்மை வந்து தேறிய பிள்ளை அடுத்த வருஷம் முழுக்க சளி, பேதி என்று அலைவதை நான் பார்க்கிறேன். ஊசி இந்தப் பாதிப்பைச் செய்வதில்லை.

தோவாளைக்காரன்

நர்சம்மாவுக்கு நன்றி. மறைக்காமல் சொன்னீர்கள், அது எனக்குப் பெரிது. குப்பி நேரம், சதுரம், மருந்துப் பெட்டி, மூன்றையும் நான் கேட்பேன்.

ஆட்டிசம் வரும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதையும் கேட்டுவிடுகிறேன். என் மச்சான் அமெரிக்காவில் இருந்து அடிக்கடி அதைப் பற்றி அனுப்புகிறார்.

பிள்ளை மருத்துவம்

1998ல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையில் இருந்து கிளம்பிய பேச்சு அது. அந்தக் கட்டுரை நேர்மையற்றது என்று தெரியவந்து, வெளியிட்ட இதழே 2010ல் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் பறிக்கப்பட்டது. அதன்பின் டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2019ல் முடிவு சொன்னார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை.

எதிர்பார்க்க வேண்டியது எது என்றால், போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சல், சிலருக்குச் சின்னத் தடிப்பு. அது தானாகப் போய்விடும்.

திருவிதாங்கூர் நினைவு

இந்தப் பயம் இன்று வந்ததல்ல. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், கடைசிச் சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. 1879ல் மகாராஜா அரசு ஊழியர்களும் கைதிகளும் பள்ளிப் பிள்ளைகளும் பெரியம்மை நோய்க்கு எதிராக அம்மை குத்திக்கொள்வது கட்டாயம் என்று பிரகடனம் செய்தார். கட்டாயம் என்று சொல்ல வேண்டி வந்தது என்றாலே எதிர்ப்பு இருந்தது என்று பொருள். எங்கள் ஊரில் அம்மை குத்த ஆள் வருகிறார் என்றால் பிள்ளைகளைத் தென்னந்தோப்பில் ஒளித்து வைப்பார்கள் என்று என் பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே பெரியம்மாவின் தோளில் குத்திய தழும்பு இருந்தது. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை நோய் கிடையாது, 1980ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். கடைசிக் கட்டத்தில் நோய் வந்த வீட்டைத் தேடிப் பிடித்து, சுற்றியிருந்த ஒவ்வொருவருக்கும் குத்தித்தான் அதை முடித்தார்கள். இன்று கடலோரத்தாயின் ஊரில் செய்யப்போவதும் அதே தேடல்தான்.

களியக்காவிளை ரோடு

எல்லைப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, யாரும் பேசவில்லை. எங்கள் பக்கம் பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் அதிகம். கார்டு கேரளத்தில் போட்டது, மலையாளத்தில் இருக்கும். பிறகு பிள்ளை இங்கே வளரும். இங்கே உள்ள செவிலியரின் பட்டியலில் அந்தப் பிள்ளை இல்லை, அங்கே உள்ள பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இல்லை. தாய் வீட்டுக்கு இரண்டு மாதம், புருஷன் வீட்டுக்கு இரண்டு மாதம். வளைகுடாவில் இருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் அப்படித்தான். இப்போது யு-வின் என்று நாடு முழுக்க ஒரே பதிவு வந்திருக்கிறது, அதில் போனதும் வந்ததும் தெரியும் என்கிறார்கள். ஆனால் பழைய பிள்ளைகளை அதில் யார் ஏற்றுவது?

நர்சம்மா

பட்டியலில் இல்லாத பிள்ளையும் ஊர்ப் பிள்ளைதான். கார்டு தொலைந்துபோயிருந்தால், தாய்க்கு உறுதியாக நினைவில்லை என்றால், போடாத பிள்ளையாகவே எடுத்துக்கொண்டு போட வேண்டும். கார்டு இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. தனியார் ஆஸ்பத்திரியில் எம்.எம்.ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்டிருந்தால் அதுவும் தட்டம்மைக் கணக்கில் சேரும்.

ரீத்தாபுரம் அக்கா

எல்லோரும் தட்டம்மையைப் பேசுகிறீர்கள். இந்த ஊசியில் ருபெல்லா என்ற இன்னொரு நோய்க்கான தடுப்பும் இருக்கிறது. பிள்ளைக்கு வந்தால் மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையைத் தாக்கும். என் தங்கை மகன் இரண்டு கண்ணிலும் புரையோடு பிறந்தான், காதும் கேட்காது, இருதயத்திலும் ஓட்டை. மூன்றாம் மாதத்தில் அவளுக்கு லேசாகத் தடிப்பு வந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கண்ணை அறுவை செய்து ஓரளவு பார்வை வந்தது, காதுக்குக் கருவி வைத்தோம். அவன் எங்கள் செல்லம், அவனைப் பற்றி வருத்தப்பட்டு எழுதவில்லை. ஆனால் அவன் பட்ட கஷ்டம் ஒரு ஊசியால் தவிர்த்திருக்கக்கூடியது.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை ருபெல்லா ஊசி போட்டார்கள், நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் போட வந்தபோது, பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று வாட்ஸாப்பில் குரல் பதிவு வந்து, எங்கள் தெருவில் பாதிப் பேர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. நான் வீடு வீடாகப் போய் என் தங்கை மகனைப் பற்றிச் சொன்னேன். பெண் பிள்ளைகளின் பிற்காலத்துக்காகத்தான் அந்த ஊசி. அன்று விட்டுப்போன பெண்களுக்கு இப்போது கல்யாண வயது. அவர்கள் கர்ப்பம் ஆவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும், கர்ப்பத்தில் போடக்கூடாது.

மலையோரம்

அக்கா, உங்கள் பதிவை எங்கள் சுயஉதவிக் குழுவில் வாசித்துக் காட்டுகிறேன்.

செங்கல் ஊர்

ஆரல்வாய்மொழி பக்கம் செங்கல் சூளைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரில் இருந்து குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிறார்கள். கைக்குழந்தைகள் உண்டு. மழை தொடங்கினால் போய்விடுவார்கள், அடுத்த சீசனில் வேறு ஆட்கள். இவர்களை எந்த ஊர்ப் பட்டியலிலும் பார்க்க முடியாது. சூளை முதலாளி நினைத்தால் ஒரு மாலையில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு இடத்தில் நிறுத்தலாம். நான் ஒரு முதலாளியிடம் பேசிவிட்டேன், சம்மதித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேச ஆள் வேண்டும். ஊசி என்றதும் தாய்மார் பயப்படுகிறார்கள், எதற்கு என்று அவர்கள் மொழியில் சொல்ல எங்களால் முடியவில்லை. இந்தி தெரிந்தவர் யாராவது வருவீர்களா? ஒடியா தெரிந்தால் இன்னும் நல்லது.

பங்கு இளைஞர்

கடலோரத்தாய் அக்கா, உங்கள் ஊர்ப் பக்கம்தான் நானும். ஞாயிறு முகாம் தேவாலயப் பங்குப் பேரவையோடு பேசித்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டு திருப்பலியிலும் அறிவிப்பு உண்டு. திருப்பலி முடிந்து நேராக மண்டபத்துக்கு வரலாம், பகல் 2 மணி வரை இருக்கும். காலையில் மீன் விற்கப் போகும் பெண்களுக்காகச் சாயங்காலமும் இரண்டு மணி நேரம் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். முகாம் முடிந்த பிறகு வராத வீடுகளின் பட்டியலை எங்களிடம் கொடுப்பார்கள், நாங்கள் தெரு தெருவாகப் போவோம். ஆசிரியர் சொன்னதுதான் எங்கள் எண்ணமும்.

ஜூன், ஜூலை மீன்பிடி தடைக்காலத்தில் என்றால் அப்பாமார் கரையில் இருப்பார்கள், பேச வசதி. ஆனால் நோய் தடைக்காலம் பார்த்து வராது. தங்கு கடலில் இருக்கிறவர்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறோம். வீட்டில் ஒரு சம்மதம் வந்தால் பல மாமியார்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கடலோரத்தாய்

மாமியாரிடம் வேப்பிலை விஷயத்தைச் சொன்னேன். மகளைக் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்துவிட்டார், அவரும் கூட வருவாராம். சின்னவனைப் பற்றி இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. எங்கள் ஊர்ச் செவிலியர் இன்று வீட்டுக்கு வந்து, எங்கள் பகுதியில் 6 மாதம் முடிந்த குழந்தைகளுக்கும் போட அனுமதி வந்துவிட்டது என்று சொன்னார். பக்கத்து வீட்டில் நேற்று ஒரு பிள்ளைக்குத் தடிப்பு கண்டது. அவனும் என் மகளும் ஒன்றாக விளையாடியவர்கள். ஞாயிறு வரை காத்திருக்கலாமா டாக்டர்?

பிள்ளை மருத்துவம்

காத்திருக்காதீர்கள். நோய் வந்த பிள்ளையோடு பழகி 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ குறைக்கவோ வாய்ப்பு உண்டு. நாளைக் காலையிலேயே இரண்டு பிள்ளைகளையும் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள், பக்கத்து வீட்டில் நோய் என்பதை முதலில் சொல்லுங்கள். 72 மணி தாண்டியிருந்தாலும் போடத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு வாரமாவது வெளியே விட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள், வைட்டமின் ஏ-யும் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தோவாளைக்காரன்

செங்கல் ஊர் நண்பருக்கு: நான் சூரத்தில் வேலை பார்த்தவன், இந்தி நன்றாகப் பேசுவேன். வெள்ளிக்கிழமை 4 மணிக்கு வருகிறேன். எந்தச் சூளை என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். குப்பியில் நேரம் எழுதியிருக்கிறதா என்று அங்கேயும் பார்ப்பேன். என் சின்னவளையும் கூட்டி வரலாமா, அவளுக்கு இரண்டாவது ஊசி பாக்கி இருக்கிறது.

செங்கல் ஊர்

கூட்டி வாருங்கள் அண்ணே. முதல் ஆளாகப் போட்டுவிடலாம், மற்றத் தாய்மாரும் பார்ப்பார்கள். கார்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.